மார்பகக் கட்டிக்கு ஸ்கேன்: திரையில் எதைத் தேடுகிறார்கள்?

நீர் கோத்து இறுகிய கட்டி விரலில் தட்டுப்படும்போது கோலிக்குண்டு போல இருக்கும். ஃபைப்ரோஅடினோமா எனப்படும் நார்க்கட்டியும் அப்படித்தான் உருளும். சில புற்றுக்கட்டிகளும் தொடக்கத்தில் இதே போலத்தான் கைக்குத் தெரியும். எவ்வளவு அனுபவமுள்ள கையானாலும், தோலுக்கு மேலே தடவிப் பார்த்து உள்ளே இருப்பது நீரா, திடமான திசுவா என்று அடித்துச் சொல்ல முடியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அதைச் சில நொடிகளில் சொல்லிவிடும். மார்பகக் கட்டிக்கு ஸ்கேன் எழுதிக் கொடுப்பதன் முதல் காரணம் இதுதான்.

ஆனால் அந்தப் பதிலுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் ஒன்று நடந்தாக வேண்டும். உங்கள் விரல் உணரும் கட்டியும் திரையில் தெரியும் கட்டியும் ஒன்றேதான் என்று உறுதியாக வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. மார்பக ஸ்கேனில் நடக்கும் தவறுகளில் கணிசமானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஒலி எப்படிப் படமாகிறது?

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்பி வரும். ஆழம் கூடினால் தாமதமும் கூடும். ஸ்கேனின் அடிப்படையும் அதுவே. கையில் பிடிக்கும் புரோப் ஒலித் துடிப்பை உள்ளே அனுப்புகிறது. கொழுப்பும் சுரப்பித் திசுவும் சந்திக்கும் இடத்தில், திசுவும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஒலியின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. உடல் திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர் என்று இயந்திரம் கணக்கு வைத்துக்கொள்கிறது. 2 செ.மீ. ஆழத்திலுள்ள கட்டியிலிருந்து எதிரொலி திரும்ப, ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 26 பங்கு நேரம்தான் ஆகும். எவ்வளவு தாமதம் என்பது ஆழத்தையும், எவ்வளவு வலுவான எதிரொலி என்பது புள்ளியின் வெண்மையையும் தீர்மானிக்கிறது. வலுவான எதிரொலி வெள்ளை, மெலிந்தது சாம்பல், எதிரொலியே இல்லையென்றால் கறுப்பு.

மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். மார்பக ஸ்கேனுக்கு 12 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், அதாவது நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் அதிர்வுகள் தேவை. வயிற்று ஸ்கேனுக்கு வைக்கும் வளைந்த முகம் கொண்ட புரோப் 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்யும். ஆழமாகப் போகும், ஆனால் நுணுக்கம் தெரியாது. மார்பகத்துக்கு ஆழம் தேவையில்லை, நுணுக்கம்தான் தேவை. ஆகவே தட்டையான முகமுள்ள லீனியர் புரோப் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வயிற்றுப் புரோப்பையே மார்பிலும் வைத்து இழுத்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றால் அந்த ரிப்போர்ட்டை நம்பக் கூடாது.

இந்த முயற்சி புதிதல்ல. அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜான் வைல்ட் என்ற அறுவை மருத்துவரும் ஜான் ரீட் என்ற பொறியாளரும் 15 மெகாஹெர்ட்ஸ் ஒலியைக் கொண்டு உயிருள்ள மார்பகத்தின் கட்டிகளை ஆராய்ந்து 1952இல் ஆய்வு வெளியிட்டார்கள். அல்ட்ராசவுண்ட் மருத்துவத்துக்குள் நுழைந்த முதல் வாசல்களில் மார்பகக் கட்டியும் ஒன்று.

மேசையில் என்ன நடக்கும்?

வெறும் வயிறு வேண்டாம், தண்ணீர் குடித்து நிரப்பிக்கொள்ளவும் வேண்டாம். மேலாடையைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுக்க வேண்டும். பார்க்கும் பக்கத்துக் கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள். மார்பகத்தின் வெளிப்பக்கத்தைப் பார்க்கும்போது அதே பக்கத்து முதுகுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகி உடலைச் சற்றுத் திருப்புவார்கள். மார்பகம் பரவித் தட்டையாக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். தட்டையானால் ஒலி கடக்க வேண்டிய தூரம் குறையும், படம் தெளியும். எழுந்து உட்காரும்போது மட்டும் கட்டி தட்டுப்படுகிறது என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். உட்கார வைத்தும் பார்க்கலாம்.

அடுத்து, கட்டி எங்கே என்று ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். உள்ளங்கையால் "இந்தப் பக்கம்" என்று காட்டினால் போதாது. வழுக்கும் சிறு கட்டியாக இருந்தால் மருத்துவர் இரண்டு விரல்களுக்கு இடையே அதைப் பிடித்து நிறுத்தி, அந்த இடைவெளியில் புரோப்பை வைப்பார். இல்லாவிட்டால் புரோப் அழுத்தியதும் கட்டி பக்கவாட்டில் நழுவிவிடும். திரையில் வெற்றுக் கொழுப்புதான் தெரியும். கட்டி இருக்கும் இடத்தை உங்களிடம் கேட்காமலே ஸ்கேன் முடிந்துவிட்டால், எழுந்து போகும் முன் நீங்களே காட்டிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அழுத்தத்திலும் ஒரு அளவு உண்டு. மிகவும் மெதுவாக வைத்தால் மார்பகத்தைத் தாங்கும் கூப்பர் நார்கள் சாய்வாக நின்று நிழல் வீழ்த்தும். அந்த நிழல் புற்றுக்கட்டி நிழலைப் போலவே பயமுறுத்தும். கொஞ்சம் அழுத்தினாலும் புரோப்பின் கோணத்தை மாற்றினாலும் அது மறைந்துவிடும். ரொம்ப அழுத்தினாலோ சிறு ரத்தக்குழாய்கள் நசுங்கி, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் ஓட்டமே இல்லாதது போலத் தெரியும். மார்பகக் காம்புக்குப் பின்னாலும் இயல்பாகவே ஒரு நிழல் விழும். அங்கே ஜெல்லைத் தாராளமாக வைத்து, பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பார்க்க வேண்டும்.

இயல்பான படம் அடுக்கடுக்காக இருக்கும். மேலே 2 மி.மீ.க்கு மிகாத வெள்ளைக் கோடு தோல். அதன் கீழே நடுத்தரச் சாம்பல் நிறத்தில் கொழுப்பு. பிறகு அதைவிட வெளுத்த சுரப்பித் திசு. அதன் கீழே மறுபடியும் மெல்லிய கொழுப்பு, கோடு கோடாக மார்புத் தசை, கடைசியில் விலா எலும்பு. தசை வரை திரையில் தெரியும்படி ஆழத்தை அமைக்க வேண்டும். ஒலி குவியும் புள்ளியைக் கட்டி இருக்கும் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

புதிதாக ஸ்கேன் கற்பவர்களை ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று, சுரப்பித் திசுவுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கொழுப்பு உருண்டை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் அச்சு அசலாகக் கட்டி. புரோப்பை 90 பாகை திருப்பினால் அது நீண்டு, பக்கத்துக் கொழுப்போடு கலந்துவிடும். உண்மையான கட்டி எந்தக் கோணத்திலும் கட்டியாகவே நிற்கும். மற்றொன்று, விலா எலும்பின் குறுக்குவெட்டு. அது தசைக்குக் கீழே இருக்கிறது என்பதைக் கவனித்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

நீரா, திடமா?

சாதாரண நீர்க்கட்டிக்கு அடையாளங்கள் தெளிவானவை. உருண்டை அல்லது முட்டை வடிவம், கூரான விளிம்பு, கண்ணுக்கே தெரியாத மெல்லிய சுவர், உள்ளே முழுக் கறுப்பு. இவற்றோடு கட்டிக்கு நேர் கீழே பளிச்சென்று ஒரு வெளிச்சப் பட்டை.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் ஸ்கேனின் பாதி புரிந்துவிடும். ஆழமாகப் போகப் போக ஒலி வலுவிழக்கும் என்பதால், ஆழத்திலிருந்து வரும் எதிரொலியை இயந்திரம் கூட்டிக் காட்டுகிறது. வழியில் இருப்பது திசு என்று எண்ணி அது கூட்டுகிறது. வழியில் நீர் இருந்துவிட்டால் ஒலி அவ்வளவாக வலுவிழப்பதில்லை. இயந்திரமோ வழக்கம்போலக் கூட்டிவிடுகிறது. ஆகவே நீருக்குப் பின்னால் இருக்கும் சாதாரணத் திசுவே கூடுதல் வெளிச்சமாகத் தெரிகிறது. இதன் மறுபக்கம்தான் நிழல். நார் மிகுந்த இறுகிய கட்டி ஒலியை அதிகமாக விழுங்கிவிட, அதன் பின்னால் கறுத்துப்போகிறது.

இயந்திரத்தில் கெயின் என்றொரு திருகு உண்டு, ரேடியோவின் வால்யூம் போல. அதைக் கூட்டி வைத்தால் சுத்தமான நீர்க்கட்டிக்குள்ளும் பொய்யான புள்ளிகள் நிரம்பி, திடக்கட்டியோ என்ற சந்தேகம் வரும். குறைத்து வைத்தால் ஆபத்து பெரிது: இருண்ட திடக்கட்டி முழுக் கறுப்பாகி நீர்க்கட்டி போல ஏமாற்றும். கொழுப்பு நடுத்தரச் சாம்பலாகத் தெரியும் அளவில் கெயினை நிறுத்துவது நல்ல பழக்கம்.

எல்லா அடையாளங்களும் பொருந்திய சாதாரண நீர்க்கட்டிக்கு வைத்தியமே தேவையில்லை. வலித்தால் ஊசியால் நீரை எடுத்துவிடலாம். வைக்கோல் நிறத்திலோ பச்சையாகவோ பழுப்பாகவோ நீர் வந்து, கட்டியும் முழுக்க மறைந்துவிட்டால் போதும். ரத்தம் கலந்து வந்தால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நீர்க்கட்டிக்குள் சுவரிலிருந்து ஒரு சதை மேடு எழும்பியிருந்தாலோ, நடுவில் தடித்த தடுப்பு இருந்தாலோ அது வேறு கதை. அங்கே நீரை மட்டும் எடுத்துவிட்டுப் போகக் கூடாது, அந்தத் திடப் பகுதியிலிருந்து பயாப்சி, அதாவது சோதனைக்கான சிறு திசுத் துண்டு, எடுத்தாக வேண்டும்.

திடக்கட்டி என்றால் பயப்பட வேண்டுமா?

திடமாக இருப்பதாலேயே புற்றுநோய் ஆகிவிடாது. 15 முதல் 35 வயதுக்குள் வரும் திடக்கட்டிகளில் மிகச் சாதாரணமானது ஃபைப்ரோஅடினோமாதான். இங்கே மருத்துவர் பார்ப்பது வடிவம், கிடை, விளிம்பு ஆகிய மூன்றையும்.

நல்ல கட்டி முட்டை வடிவில், தோலுக்கு இணையாகப் படுத்திருக்கும். அகலம் அதிகம், உயரம் குறைவு. விளிம்பு பென்சிலால் வரைந்தது போலச் சுத்தமாக இருக்கும். இரண்டு மூன்று மென்மையான வளைவுகள் இருக்கலாம். காரணம் எளியது. அது பக்கத்துத் திசுவைத் தள்ளிக்கொண்டு, திசு அடுக்குகளுக்கு நடுவே வளர்கிறது, அடுக்குகளை உடைப்பதில்லை. புற்றுக்கட்டி அடுக்குகளை ஊடுருவிப் போகும். அதனால் அகலத்தைவிட உயரம் கூடி நிற்கலாம். விளிம்பு கோணல்மாணலாகவோ, மங்கியோ, முள் முள்ளாகப் பக்கத்துத் திசுவுக்குள் நீண்டோ இருக்கலாம்.

1995இல் ஸ்டாவ்ராஸ் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 750 திடக்கட்டிகளை இப்படி வகைப்படுத்தி, பயாப்சி முடிவோடு ஒப்பிட்டார்கள். அவற்றில் 125 புற்றுக்கட்டிகள். அவர்கள் ஸ்கேனில் "நல்ல கட்டி" என்று ஒதுக்கியவை 424. அவற்றுள் இரண்டு மட்டுமே பின்னர் புற்று என்று தெரிந்தது. அவர்கள் வைத்துக்கொண்ட விதி கறாரானது: சந்தேகத்துக்குரிய ஒரே ஒரு அடையாளம் இருந்தாலும் அந்தக் கட்டியை நல்ல கட்டி வரிசையில் சேர்க்கக் கூடாது. ஒன்பது நல்ல குணங்கள் ஒரு கெட்ட குணத்தை ஈடுகட்டாது. இன்றும் ஸ்கேன் மேசையில் இதைவிடப் பயனுள்ள விதி கிடையாது.

நிழலை மட்டும் நம்பவும் கூடாது. வேகமாக வளரும் சில புற்றுக்கட்டிகள் உருண்டையாக, ஓரளவு சுத்தமான விளிம்போடு, பின்னால் வெளிச்சத்தோடும் வரும். புற்று இல்லாத சிலவும் புற்றைப் போல வேடம் போடும்: பழைய அறுவைத் தழும்பு, அடிபட்டு இறுகிய கொழுப்பு, பால் கொடுக்கும் தாய்க்கு வரும் சீழ்க்கட்டி. நம் நாட்டில் மார்பகக் காசநோயையும் இந்தப் பட்டியலில் மறக்கக் கூடாது. படம் மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாதபோது திசுவை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகம் எழுந்தால் புரோப் அக்குளுக்கும் போகும். இயல்பான நிணநீர்க் கணு அவரை விதை போல இருக்கும்: நடுவில் வெள்ளைக் கொழுப்பு, சுற்றிலும் மெல்லிய இருண்ட ஓரம். அந்த ஓரம் 3 மி.மீ.க்கு மேல் தடித்தாலோ நடு வெள்ளை அழிந்துபோனாலோ அதையும் ஊசியால் சோதிப்பார்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

"வலது மார்பகம், 10 மணி, காம்பிலிருந்து 4 செ.மீ., 14 × 12 × 9 மி.மீ., ஹைப்போஎக்கோயிக்" என்பது போல எழுதியிருக்கும். மார்பகத்தை எதிரில் நின்று பார்க்கும் கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். வலது மார்பகத்தில் 9 மணி என்பது அக்குள் பக்கம். இடது மார்பகத்தில் அதே 9 மணி நெஞ்செலும்பின் பக்கம். இந்த முகவரி நீங்கள் விரலால் காட்டிய இடத்தோடு பொருந்துகிறதா என்று வீட்டிலேயே சரிபார்க்கலாம். பொருந்தவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஹைப்போஎக்கோயிக் என்ற சொல்லைப் பார்த்து இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. கொழுப்பைவிட இருண்டு தெரிகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. ஃபைப்ரோஅடினோமாவும் அப்படித்தான் இருக்கும், புற்றும் அப்படித்தான் இருக்கும். அனெக்கோயிக் என்றால் முழுக் கறுப்பு, அதாவது நீர்.

முக்கியமானது கடைசி வரியில் வரும் பைராட்ஸ் எண். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி மேமோகிராமுக்காக (மார்பக எக்ஸ்ரே) தொடங்கிய இந்த முறை, 2003இல் அல்ட்ராசவுண்டுக்கும் வந்தது. 1 என்றால் இயல்பு. 2 என்றால் கவலைப்படத் தேவையில்லாத கட்டி, சாதாரண நீர்க்கட்டி இதில்தான் சேரும். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. பொதுவாகக் கண்காணித்தால் போதும். 4 என்பது 2 முதல் 95 சதவீதம் வரை விரியும் பெரிய பெட்டி, ஆகவே அதை மூன்றாக உடைத்திருக்கிறார்கள்: 4ஏ 10 சதவீதம் வரை, 4பி 50 வரை, 4சி அதற்கு மேல். 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. 4க்கும் 5க்கும் பயாப்சி வேண்டும். 6 என்பது ஏற்கெனவே பயாப்சியில் புற்று என்று உறுதியானவர்களுக்கு. 0 என்பது நல்ல செய்தி என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அது "இன்னும் படம் தேவை, முடிவு சொல்ல முடியவில்லை" என்று பொருள்.

4ஏ வந்தவர் புற்று உறுதி என்று உடைந்துபோகத் தேவையில்லை. பத்தில் ஒன்பது பேருக்காவது அது புற்றாக இராது. அதற்காகப் பயாப்சியைத் தள்ளிப்போடவும் கூடாது.

மேமோகிராம் எப்போது?

30 வயதுக்குள் என்றால் ஸ்கேன்தான் முதலில். இளம் மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்த்தி என்பதால் மேமோகிராமில் எல்லாம் வெள்ளையாகிக் கட்டி ஒளிந்துகொள்ளும். கர்ப்பிணிகளுக்கும் ஸ்கேன்தான் முதல், கதிர்வீச்சு இல்லை. 40க்கு மேல் மேமோகிராம் முதலில், ஸ்கேன் கூடவே. இடைப்பட்ட வயதில் எதிலும் தொடங்கலாம். ஸ்கேனில் தெளிவாகத் தெரியாத ஒன்று உண்டு: உப்புத்தூள் போன்ற நுண் கால்சியத் துகள்கள். பால் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் தொடக்கநிலைப் புற்று சிலருக்கு அந்தத் துகள்களாக மட்டுமே வெளிப்படும். அதைக் காட்டுவது மேமோகிராம். எனவே 40 வயதைத் தாண்டியவர் "ஸ்கேன் நார்மல்" என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

இரண்டு படங்களும் நார்மல், ஆனால் கட்டி கையில் கெட்டியாக நிற்கிறது, தோல் உள்ளிழுக்கிறது என்றால்? கை சொல்வதற்கே முன்னுரிமை. தொட்டுப் பார்ப்பது, படம், திசு ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் விசாரணை முடியவில்லை.

ஊசி

ஸ்கேன் பார்த்துக்கொண்டே எடுக்கும் கோர் பயாப்சிக்கு மயக்க மருந்து தேவையில்லை. லிக்னோகெயின் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, தோலில் 2, 3 மி.மீ. கீறி, பெரும்பாலும் 14 கேஜ் ஊசியை, ஏறக்குறைய 2 மி.மீ. பருமன், உள்ளே செலுத்துவார்கள். ஊசி நெஞ்சுச் சுவருக்கு இணையாகப் போக வேண்டும். செங்குத்தாகப் போனால் நுரையீரல் உறையைக் குத்திவிடும் அபாயம் உண்டு. ஊசி கட்டியைத் தொட்டு நிற்பதைத் திரையில் பார்த்த பிறகே விசையை விடுவார்கள். ஸ்டேப்ளர் போல "டப்" என்று சத்தம் வரும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் உடல் துள்ளிவிடும். சேமியா துண்டு போல ஒரு திசுக் கீற்று ஃபார்மலின் புட்டியில் விழும். திடக்கட்டியின் திசு மூழ்கும், வெறும் கொழுப்பு மிதக்கும். மூன்றிலிருந்து ஐந்து கீற்றுகள் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. பயாப்சி ஊசியால் நோயாளிகளின் ஆயுள் குறைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தப் பயத்தால் பயாப்சியைத் தவிர்த்து நேராகக் கட்டியை அறுத்தெடுப்பதுதான் தீங்கு. புற்று என்று பிறகு தெரிந்தால் இரண்டாவது அறுவை தேவைப்படும், முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் வாய்ப்பும் போய்விடும்.

முடிவு வந்ததும் படத்தோடு ஒப்பிட வேண்டும். பைராட்ஸ் 5 என்று எழுதிய கட்டிக்கு "சாதாரணத் திசு" என்று பயாப்சி வந்தால், ஊசி கட்டியில் படவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி எடுப்பார்கள்.

பைராட்ஸ் 3 வந்தவர்களுக்கு 6, 12, 24 மாதங்களில் மறு ஸ்கேன். ஒவ்வொரு முறையும் பழைய படங்களையும் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் அதே இடத்தில் பாருங்கள். ஒரே கட்டியை இருவர் அளந்தால் 1 மி.மீ. வித்தியாசம் சகஜம். 6 மாதத்தில் மிக நீண்ட அளவு 20 சதவீதத்துக்கு மேல் கூடினால், அதாவது 15 மி.மீ. இருந்தது 18 மி.மீ.ஐத் தாண்டினால், அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்காமல் பயாப்சி எடுப்பார்கள்.